துடைக்காத படம்

கடைக்காரர் கறுப்புத் துணியை விரித்து மூன்று லென்ஸ்களை அடுத்தடுத்து வைத்தார். மூன்றும் ஐம்பது எம்.எம். ஒன்றும் கிட்டே இழுத்துக் காட்டாது, எட்டத் தள்ளியும் காட்டாது. எதிரே இருப்பவரை வெறும் கண்ணால் பார்த்தால் எப்படி இருப்பாரோ ஏறக்குறைய அப்படியே காட்டும். அதனால்தான் தொழிலில் அதற்கு ஸ்டாண்டர்டு லென்ஸ் என்று பேர். ஜூம் வேண்டுமென்றால் நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

முதலாவதை உள்ளங்கைக்குள் ஒளித்துவைத்துவிடலாம். உடம்பு பூராவும் பிளாஸ்டிக். இரண்டாவது கொஞ்சம் தடிமன், விலை மட்டும் பல மடங்கு. மூன்றாவதைத் தூக்கியபோது, ஸ்டுடியோ நடத்துவதால் எல்லோரும் ஸ்டுடியோக்கா என்று கூப்பிடும் அவளுடைய மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கியது. தண்ணீர் நிரம்பிய செம்பின் கனம். முன்கண்ணாடி கிணறுமாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இதுலதான்மா விஷயமே இருக்கு" என்றார் கடைக்காரர். "உள்ள வெளிச்சம் விடுற துளையை முழுசாத் திறந்துவிட்டா அரை இருட்டுலகூட ஃபிளாஷ் இல்லாம எடுக்கலாம். முகம் மட்டும் தெளிவா நிக்கும். பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெயா உருகிடும்."

"விலையைச் சொல்லுங்க, நாங்க உருகுறோமான்னு பாப்போம்" என்றாள் கூட வந்திருந்த தங்கை.

அவர் சொன்னார். சின்னவள் அக்காவின் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கித் துணிமேல் வைத்தாள். "அக்கா, இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். நம்மகிட்டதான் பழைய சின்ன லென்ஸ் ஒண்ணு இருக்கே. அதுல எடுத்த படத்துக்கு எவனாவது காசைத் திருப்பிக் கேட்டிருக்கானா?"

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுதான்" என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். வியாபாரம் கெட்டுப்போகுமே என்று உடனே தொடர்ந்தார். "ஆனா அதுல மோட்டார் கொஞ்சம் முனகும். ஃபோகஸ் அங்கயும் இங்கயும் தேடும். ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கல். நடுவுல இருக்கிறதை எடுத்துக்கங்களேன்."

நடுவில் இருப்பதை எடுக்கும் சுபாவம் ஸ்டுடியோக்காவுக்குக் கிடையாது. பெரியதைத்தான் எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சின்னவள் அதற்கு 'யானை' என்று பேர் வைத்தாள். "கட்டித் தீனி போடு" என்றாள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோ அது. முன்னறையில் படம் பிடிக்கும் இடம். திரைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னே சின்னவள். அக்கா எடுப்பாள், தங்கை திருத்துவாள். பருவை எடுப்பது, நரையைக் கறுப்பாக்குவது எல்லாம் அவளுக்குச் சில்லறை வேலை. குடும்பப் படத்தில் ஒருவர் கண் மூடியிருந்தால் அடுத்த படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பாள். வெளியூரிலிருக்கும் அப்பாவைச் சோபாவில் பிள்ளைகள் நடுவே உட்காரவைப்பாள். அவர் நிழல்கூட சரியான பக்கம் விழும். "படம் பொய் சொல்லாதுன்னு சொன்னவனை எங்கிட்ட கூட்டிட்டு வா" என்று சிரிப்பாள்.

யானை வந்தபிறகு ஆட்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. முகம் மட்டும் மிதக்கும் அந்தப் படங்களை வாசல் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் இப்படியே வேணும்" என்று உள்ளே ஏறினார்கள். சின்ன லென்ஸ் பாஸ்போர்ட் படம் எடுக்கும் பழைய கேமராவில் கிடந்தது. யார் சொன்னது சரி என்ற சண்டை முடியாமலே, சின்னவள் வயிற்றில் பிள்ளை வளர்ந்தது.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலை திரைக்குப் பின்னாலிருந்து "அக்கா, ஸ்கிரீன் ரெண்டு ரெண்டா தெரியுது" என்ற குரல் வந்தது. போய்ப் பார்த்தபோது முகமும் விரல்களும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்த டாக்டர் ஒன்றும் பேசாமல் ஸ்டிரெச்சரைக் கூப்பிட்டார். இரத்தக் கொதிப்பு உச்சத்தில் இருந்தது. குழந்தையை உடனே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருமே கிடைக்கமாட்டார்கள் என்றார்கள்.

எடுத்தார்கள். ஆண் குழந்தை. ஒரு முழங்கை நீளம்கூட இல்லை. அதைக் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாயை மேல்தளத்தில் தீவிர சிகிச்சை அறையில் வைத்தார்கள். இரத்தம் நிறையப் போயிருந்தது. கொதிப்பு மருந்துக்கு மசியவில்லை. கண்விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை எங்க?"

அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பத்து மாடிக்குமேல் கம்பியில் தொங்கினாலும் கை நடுங்காதவன். அன்று குழந்தையைப் பார்க்க உள்ளே விட்டபோது, யாருக்கும் தெரியாமல் போனில் ஒரு படம் எடுத்துவிட்டான். ஓடிவந்து மனைவியிடம் காட்டினான்.

அங்கேதான் வந்தது வினை. மஞ்சள் காமாலைக்காகக் குழந்தைமேல் நீல விளக்கைப் போட்டிருந்தார்கள். கண்களைப் பட்டைத் துணியால் மூடியிருந்தார்கள். பெட்டியின் கண்ணாடியில் அவன் முகமும் கூரை விளக்கும் பிரதிபலித்து, நடுவே நீலமாக, அசைவில்லாமல், மூக்கில் குழாயோடு, கண் கட்டப்பட்ட ஒரு சின்ன உடம்பு தெரிந்தது. சின்னவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போனைப் போர்வைமேல் வைத்தாள்.

"செத்துப்போச்சா?" என்றாள்.

"இல்லடி! அது லைட்டு. லைட்டு நீலம்!"

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்ல வேணாம்."

அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. தலைமாட்டு மெஷினில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. டாக்டர் வெளியே வந்து, "இப்படியே மனசை அலட்டிக்கிட்டா வலிப்பு வந்துடும்" என்றார். "எப்படியாவது நம்ப வைங்க." குழந்தையை மேலே கொண்டுவர முடியாது, தாயைக் கீழே இறக்க முடியாது. திருட்டுப் படம் எடுத்ததால் போனோடு யாரும் உள்ளே போகக் கூடாது என்று சட்டம் வேறு. கடைசியில் டாக்டரே ஒரு வழி சொன்னார். "நீங்க போட்டோ எடுக்கிறவங்கதானே? நான் கீழ சொல்றேன். கேமராவோட போங்க."

ஸ்டுடியோக்கா யானையை எடுத்துக்கொண்டு போனாள். இதற்காகத்தானே வாங்கினோம் என்றுகூட நினைத்தாள். இருட்டில், ஃபிளாஷ் இல்லாமல், ஒரு முகத்தைப் பிடிக்க.

கையைத் தேய்த்துக் கழுவச்சொன்னார்கள். தலைக்குத் தொப்பி, மேலே நீள அங்கி. கேமராவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். "துணி மாத்துறப்ப லைட்டை அணைச்சு பக்கக் கதவைத் திறப்பேன்" என்றார் சிஸ்டர். "அந்த நேரந்தான் உங்களுக்கு. திறந்தே வெச்சா குழந்தைக்குச் சூடு போயிடும்."

நீல விளக்கு அணைந்தது. கண் கட்டை அவிழ்த்தார்கள். அப்போதுதான் ஸ்டுடியோக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக, சுருங்கி, நெற்றியில் அப்படியே அவர்கள் அப்பாவின் கோடு. கை தானாகத் தன் வேலையைச் செய்தது. துளையை முழுக்கத் திறந்தாள். மூக்கில் செருகிய குழாய் தெரியாத கோணம் எது என்று தேடினாள். தேடியதுகூட அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துப் பழக்க தோஷம். இமைமேல் ஃபோகஸ் வைத்தாள். வயர்களும் பிளாஸ்திரியும் மெஷின்களும் கரைந்து ஓர் இளம் பழுப்பு மேகமாயின. அந்த மேகத்தில் ஒரு பிள்ளை முகம் தூங்கியது. அவள் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் அழகு.

மேலே ஓடினாள். கேமராவையே தங்கையின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

சின்னவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு" என்றாள். "யார் குழந்தை?"

"என்னடி கேக்குற? நம்ம குழந்தை!"

"மூக்குல குழாய் இருக்கணுமே. எங்க?"

"அது... அந்தப் பக்கம் இருக்கு."

"வயர் எங்க? பெட்டி எங்க? பின்னாடி ஒண்ணுமே இல்லியே. இது எந்த இடம்னு சொல்லு, பாப்போம்." அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இதைச் செஞ்சுதானே நான் காசு வாங்குறேன், அக்கா. எங்கிட்டயே விக்கிறியா?"

"உன்மேல சத்தியமா..."

"அம்மா போனப்பவும் இப்படித்தான் சொன்ன. பரீட்சை முடியட்டும், அம்மா நல்லாத்தான் இருக்காங்கன்னு. நான் பரீட்சை எழுதிட்டு வந்து வெறும் கட்டிலைப் பாத்தேன்."

அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவர்கள் பெரியவர்கள். சொன்ன வாய் ஸ்டுடியோக்காவுடையது. சின்னவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தலைமாட்டில் மெஷின் கத்தத் தொடங்கியது. ஓடிவந்த நர்ஸ் ஊசி மருந்தைக் கூட்டிவிட்டு, ஸ்டுடியோக்காவை வெளியே போகச்சொன்னாள்.

வராந்தாவில் தங்கையின் கணவன் நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், "அழகா எடுக்கச் சொல்லி யாருக்கா கேட்டா?" என்று வெடித்தான். அடுத்த நொடியே தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்கங்க. எனக்கு என்ன பேசுறேன்னே தெரியல."

"இல்ல தம்பி. நீ கேட்டது சரிதான். அவ கேட்டது குழாயை. நான் அதைத்தான் மறைச்சிருக்கேன்."

மறுபடியும் கீழே போனார்கள். இந்தமுறை சிஸ்டர் வாசலிலேயே மறித்தார்.

"குழந்தை மூச்சு விட மறந்துமறந்து போகுது" என்றார். "குறைமாசத்துல பிறந்ததுங்க இப்படித்தான் செய்யும். ஆனா இது அடிக்கடி செய்யுது. சாயங்காலத்துக்குள்ள மூச்சு மெஷின்ல போட்டுடுவோம்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார். போட்டா வாயில குழாய், முகம் பூராவும் பிளாஸ்திரி. அப்புறம் நீங்க எதை எடுத்துக் காட்டுவீங்க?"

"இப்பவே எடுத்துடுறேன், சிஸ்டர்."

"பெட்டியைத் திறக்க முடியாது. வேணும்னா லைட்டை மட்டும் கொஞ்ச நேரம் அணைக்கிறேன். ரெண்டு பக்கமும் மெஷின் நிக்குது. கால்மாட்டுல சுவத்துக்கு நடுவுல கொஞ்சம் சந்து இருக்கு, அவ்வளவுதான். அந்தப் பீரங்கியைக் கொண்டுவந்து பெட்டியில இடிச்சீங்கன்னா நான் பதில் சொல்ல முடியாது."

ஸ்டுடியோக்கா எட்டிப் பார்த்தாள். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். யானையை மாட்டினால் கேமராவின் நீளமே அந்தச் சந்தை அடைத்துவிடும். கண்ணாடிக்குத் தள்ளி நின்று எடுத்தால் போனில் வந்த அதே பிரதிபலிப்புதான் வரும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைக்க வேண்டும். ஒட்டிவைக்கிற அளவுக்குச் சின்னது, பாஸ்போர்ட் கேமராவில் கிடந்தது.

"தம்பி, வண்டியை எடு."

அவன் ஓட்டிய ஓட்டத்தில் அவள் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு அவர்களுக்கென்றே காத்திருந்தது. ஸ்டுடியோ வாசலில் பாஸ்போர்ட் படத்துக்குத் தலை சீவிக்கொண்டு ஒரு குடும்பமே நின்றது. "உடனே வேணும், எவ்வளவு நேரமா நிக்கிறோம்?" என்றார் அந்த வீட்டுக்காரர். அவள் பதில் சொல்லாமல் ஷட்டரைத் தூக்கி உள்ளே பாய்ந்து, லென்ஸைக் கழற்றி அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி ஷட்டரை இறக்கினாள். ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றாமலே வந்திருக்கிறாள் என்பதை அவர்கள் பார்த்த பார்வையில்தான் உணர்ந்தாள்.

திரும்பி வந்தபோது டாக்டர்கள் இன்னும் வரவில்லை. லென்ஸை மாற்றி, கையைக் கழுவி, சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, முழங்காலிட்டாள். சின்ன லென்ஸின் விளிம்பைக் கால்மாட்டுக் கண்ணாடியில் மெல்ல ஒட்டினாள். சுற்றிலும் விரல்களை மடக்கி வெளிச்சத்தைத் தடுத்தாள். பிரதிபலிப்பு மறைந்தது. இரண்டு பாதங்கள், அதற்கு அப்பால் சுருண்ட உடம்பு, கடைசியில் முகம். எல்லாமே தெளிவாக வேண்டும். துளையைச் சுருக்கினாள். சுருக்கியதும் படம் இருண்டது. அதை ஈடுகட்ட கேமராவின் உணர்திறனை ஏற்றினாள். படம் புள்ளிபுள்ளியாகத்தான் வரும். வரட்டும்.

சிஸ்டர் நீல விளக்கை அணைத்து, பெட்டியின் பக்கத் துளை வழியாகக் கைவிட்டுக் கண் கட்டை நீக்கினார். லென்ஸின் மோட்டார் முனகியது. ஃபோகஸ் முன்னே போனது, பின்னே வந்தது, கண்ணாடியில் நின்றது, வயரில் நின்றது. மறுபடி தேடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தானியங்கி ஃபோகஸை அணைத்தாள். வளையத்தைக் கையால் திருகினாள். அந்த மலிவு வளையத்தில் பிடிப்பே இல்லை; மயிரிழை நகர்த்தினால் ஒரு சாண் ஓடியது.

அப்போது மெஷின் அலறியது.

குழந்தையின் மார்பு நின்றுபோயிருந்தது. சற்றுமுன் வரை புறாக்குஞ்சுபோலத் துடித்துக்கொண்டிருந்தது இப்போது தட்டையாகக் கிடந்தது. உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியது. கதவுக்கு வெளியே நின்ற குழந்தையின் தகப்பன் கதவுக் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தான். சிஸ்டர் மட்டும் அவசரப்படாமல் சுட்டுவிரலால் அந்தப் பாதத்தைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினார். "ஏய், தூங்கினது போதும். மூச்சு விடு, ராஜா" என்றார். உள்ளங்காலை அழுத்தித் தேய்த்தார்.

கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மார்பு எழும்பியது. முகம் கோணி, வாய் திறந்து, சத்தமே வராத ஓர் அழுகை.

ஸ்டுடியோக்கா எப்போது பட்டனை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கையை எடுத்துப் பார்த்தபோது படம் இருந்தது.

அழகில்லாத படம். புள்ளிபுள்ளியாக, ஓரம் மங்கலாக. மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, மார்பில் மூன்று வயர், கிழவன்போல அழும் முகம், பாதத்தில் சிஸ்டரின் விரல். அவள் எதையும் யோசிக்காமல் படியேறினாள்.

சின்னவள் திரும்பிப் பார்க்க மறுத்தாள். "இதுல குழாய் இருக்கு" என்றாள் ஸ்டுடியோக்கா. "எல்லாம் இருக்கு. நல்லாவே இல்ல. பாரு."

ஊசி குத்திய கை மெல்ல நீண்டது. கேமராவை வாங்கிக்கொண்டாள். பட்டனை அழுத்திப் பெரிதாக்கினாள். வேலை செய்யும்போது பார்ப்பதுபோலவே, மூலையிலிருந்து தொடங்கினாள். வயர் தோலைத் தொடும் இடத்தில் நின்றாள். விரலின் நிழல் பாதத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள். புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருக்கின்றனவா என்று பார்த்தாள். கணுக்காலில் கட்டியிருந்த பட்டையில் வந்து நின்றாள். அதில் தாயின் பெயரை எழுதியிருந்தார்கள். அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். சின்னவள் மெல்லத் தன் மணிக்கட்டைத் திருப்பினாள். அவள் பட்டையிலும் அதே எழுத்து இல்லை.

"இந்தத் தப்பு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"எந்தத் தப்பு?" என்றாள் அக்கா. அவள் இரண்டு பட்டையையும் படித்துப் பார்த்ததே இல்லை.

சின்னவளின் முகம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அழுதாள். "அழுறான்கா" என்றாள். "எப்படி அழுறான் பாரு. வலிக்குதோ என்னவோ." நர்ஸ் ஓடிவந்தாள், மெஷினைப் பார்த்தாள், அழட்டும் என்று கையால் காட்டிவிட்டு நின்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. சாயங்காலம் குழந்தையை மூச்சு மெஷினில் போட்டார்கள். இந்தமுறை யாரும் எதையும் மறைக்கவில்லை. ஸ்டுடியோக்கா அதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சின்னவள் பார்த்தாள், கேள்வி கேட்டாள், கஞ்சியைக் குடித்தாள். கொதிப்பு இறங்கப் பல நாள் ஆயிற்று. சக்கர நாற்காலியில் கீழே இறங்கி மகனைத் தொட்டபோது அவன் மெஷினிலிருந்து மீண்டு, மறுபடி ஒருமுறை அதற்குள் போய், மீண்டும் வெளியே வந்திருந்தான். இன்று அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. வாய் மட்டும் இரண்டு ஊருக்குக் கேட்கும்.

யானை ஸ்டுடியோவில்தான் இருக்கிறது. அதை விற்க ஸ்டுடியோக்காவுக்கு மனசில்லை, விற்கச் சொல்வதைச் சின்னவளும் நிறுத்தவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் போன் செய்தால் அக்கா சின்ன லென்ஸோடு கிளம்பிவிடுவாள். மேல்தளத்தில் படுத்திருக்கும் தாய்க்குக் கீழ்த்தளத்துப் பிள்ளையைக் காட்டுவதற்கு. மறைக்காமல், கரைக்காமல் எடுத்துக் கொடுப்பாள்.

அப்படி எடுத்துக் கொடுத்த ஒரு குழந்தை தங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தத் தாய் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள். பையிலிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்தக் குழாயை மட்டும் எடுத்துத் தர முடியுமாம்மா? ஒரு தடவையாவது அது இல்லாம பாக்கணும்."

ஸ்டுடியோக்கா திரைப்பக்கம் பார்த்தாள். திரைக்குப் பின்னாலிருந்து சின்னவள் எழுந்து வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியைத் தன் கம்ப்யூட்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. நேரமாகும். குழாய் மறைச்சிருக்கிற மூக்கு உங்க மூக்கா, பிள்ளையோட அப்பா மூக்கா? சொல்லுங்க, அது மாதிரியே வரணும்" என்றாள்.